முத்துமீனா கம்பைல் செய்த எடிட்டர்

முத்துமீனாவைப் பற்றி நான் எழுதினால் அது நடுநிலையாக இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். அதற்குக் கௌரவமான வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். அக்கறை என்றேன், சீனியாரிட்டி என்றேன், டிபார்ட்மெண்ட் நலன் என்றுகூடச் சொன்னேன். ஒன்றும் ஒட்டவில்லை. வயிற்றெரிச்சல்தான்.

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் நான் கம்ப்யூட்டர் லேப் டெக்னீஷியன். பதினோரு வருடமாக டெம்பரரி. ஒவ்வொரு ஜூன் மாதமும் ‘அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்பார்கள். இந்த வருடம் உண்மையிலேயே நிரந்தர இடம் ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று. ஏப்ரலில் பிராக்டிகல் பரீட்சை முடிந்ததும் எங்கள் துறைத் தலைவர் ராதாகிருஷ்ணன் சார் ஒரு பெயரை எழுதிக் கொடுப்பார், அந்தப் பெயருக்கு அப்படியே ஆர்டர் வரும் என்றார்கள். ரம்யாஸ்ரீ என்ற என் பெயரை விட்டால் எழுதுவதற்கு வேறு பெயர் ஏது? மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கே சொல்லியாயிற்று. என் வீட்டுக்காரர் ஹரிஷ்குமார் தான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையிலிருந்து, ஆர்டர் வாங்கப் போகும்போது கட்டிக்கொள்ள ஒரு புடவைகூட எடுத்து வந்துவிட்டார்.

டிசம்பரில் முத்துமீனா வந்து சேர்ந்தாள்.

இருபத்தேழு வயது. வாடிப்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். இரண்டு பஸ் மாறி வருவாள். வந்த முதல் நாள் என்னைப் பார்த்து, “வணக்கம்க்கா, உங்களப் பத்தி சார் சொன்னாக, இந்த லேபே உங்க கையிலதான்னு” என்றாள். அந்த வார்த்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே எனக்குக் குறையாக இருந்தது. பதினைந்தே நாளில் மாணவர்கள் அவளை ‘மீனா மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என்னை இன்னமும் ‘லேப் அக்கா’தான். பதினோரு வருடம் உழைத்தவள் அக்கா, நேற்று முளைத்தவள் மேடம்!

பிடிக்காதவர்களின் ஜாதகம்தான் நமக்கு நன்றாக மனப்பாடம் ஆகும். அவளைப் பற்றி நான் தோண்டித் துருவிய அளவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்கூட விசாரிக்க மாட்டான். அப்பா மொக்கைச்சாமி. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர், இப்போது ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறார். அம்மா சுந்தரம்மாள் நடவுக்குப் போவார், நடவு இல்லாத நாளில் நூறுநாள் வேலை. அக்கா பாண்டியம்மாள் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள். இவள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. அங்கே கொடுத்த இலவச லேப்டாப்தான் அவள் தொட்ட முதல் கம்ப்யூட்டர். பிறகு டிப்ளமோ. நான் எம்.சி.ஏ. இந்த வித்தியாசத்தை நான் அடிக்கடி எனக்கே ஞாபகப்படுத்திக்கொள்வேன்.

இங்கே வருவதற்கு முன் திண்டுக்கல் ரோட்டில் ஒரு டேட்டா என்ட்ரி சென்டரில் இரண்டு வருடம் இருந்திருக்கிறாள். அங்கே முதலாளி யாரையும் நம்பாத ஆளாம். எந்த மெஷினிலும் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாதபடி பாஸ்வேர்டை அவரே வைத்துக்கொண்டார். கொடுத்திருந்த எடிட்டரோ, அதாவது புரோகிராம் எழுதுவதற்கான சாஃப்ட்வேர், அரதப் பழசு. இவள் ஒரு நல்ல எடிட்டரை எழுதியிருக்கும் மூல வரிகளை, அதாவது அதன் சோர்ஸ் கோடை இறக்கி, அதை அந்த மெஷினிலேயே கம்பைல் செய்து, ஓடக்கூடிய சாஃப்ட்வேராக்கி, தன் பெயரில் இருந்த ஃபோல்டருக்குள்ளேயே வைத்து ஓட்டியிருக்கிறாள். தயாராகக் கிடைக்கும் சாஃப்ட்வேரைப் போட்டால்தான் பாஸ்வேர்ட் கேட்கும். சோர்ஸ் கோடை எடுத்து நாமே உருவாக்கி நம் ஃபோல்டரில் வைத்தால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். முதலாளி கண்டுபிடித்து, பாஸ்வேர்டை யாரடி திருடியது என்று கத்தியிருக்கிறார்.

“நான் திருடலைக்கா. நம்ம எடத்துல நாமளே செஞ்சு வச்சுக்கிட்டா யாருகிட்டயும் கேக்க வேணாம்ல?” என்று இந்தக் கதையை என்னிடம் அவளே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்.சி.ஏ. படிக்கும்போது ஒரு சோர்ஸ் கோடையும் நான் தொட்டதில்லை. யாரோ செய்து வைத்ததை இன்ஸ்டால் செய்து, ‘அடுத்து’ ‘அடுத்து’ என்று பொத்தானை அமுக்கியே பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

பிப்ரவரியில் தொல்லை ஆரம்பித்தது. புதிய பாடத்திட்டத்தில் பைத்தான் வந்தது. அந்த மொழியில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் விடும் இடைவெளி சரியாக இருக்க வேண்டும். எங்கள் லேபில் இருந்த பழைய எடிட்டர் அதைக் கன்னாபின்னாவென்று மாற்றி வைக்கும். பிள்ளைகள் எழுதிய புரோகிராம் சரியாக இருந்தாலும் ஓடாது. மாடல் பரீட்சையில் பாதிப் பேர் ஃபெயில். புது எடிட்டர் போடலாம் என்றால் எங்கள் மெஷின்களை ஓட்டும் லினக்ஸ் ரொம்பப் பழசு, தயாராகக் கிடைக்கும் எதுவும் அதில் ஏறாது. லேபில் இன்டர்நெட்டும் கிடையாது.

“சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணிரலாம் சார்” என்றாள் முத்துமீனா. சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மொத்தம் முப்பத்திரண்டு மெஷின், வரிசைக்கு எட்டு. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய எட்டுப் புது மெஷின்கள் முதல் வரிசையில் இருக்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் முதல் வரிசையைத் தாண்டி நடக்க மாட்டார்கள் என்பது எங்கள் கல்லூரியின் அசைக்க முடியாத நம்பிக்கை. பின்னால் இருக்கிற மூன்று வரிசையும் பன்னிரண்டு, பதிமூன்று வருடப் பழசு. கடைசி வரிசையில் கடைசி மெஷின், முப்பத்திரண்டாம் நம்பர், உள்ளதிலேயே நோஞ்சான். ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வரலாம். முத்துமீனா நேராகப் போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஏன்டி, புது மெஷின் முன்னாடி கெடக்குதே. அதுல அஞ்சு நிமிஷத்துல ஆயிருமே?” என்றேன்.

“இதுல செஞ்சு இதுல ஓடிருச்சுன்னா எல்லாத்துலயும் ஓடும்க்கா” என்றாள்.

கேட்டேன். காதில் வாங்கவில்லை. அவள் சொல்லி நான் என்ன கற்றுக்கொள்வது என்ற திமிர்தான், வேறென்ன?

முதலில் ‘கன்ஃபிகர்’ என்று ஒன்று ஓடும். அது அந்த மெஷினை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும். இது இருக்கா? இருக்கு. அது இருக்கா? இருக்கு. நூறு நூற்றைம்பது வரி மேலே ஓடும். யாரும் படிக்க மாட்டார்கள். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள், உதடு அசைய. ஓரிடத்தில் ‘இல்லை’ என்று நின்றுவிட்டது. திரையில் எழுத்தைக் காட்ட உதவும் ஒரு லைப்ரரியின் ஃபைல்கள் இல்லையாம்.

அந்த ஃபைல்கள் பழைய லினக்ஸ் டிவிடியில் இருந்தன. அந்த டிவிடி என் மேஜை டிராயரில் இருந்தது. டிராயரின் சாவி என் ஹேண்ட்பேக்கில் இருந்தது. “அக்கா, அந்தப் பழைய டிவிடி எதுவும் கெடக்கா?” என்று கேட்டாள். “அதெல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயிருச்சு” என்றேன். வாய் கூசவே இல்லை.

அவள் விடவில்லை. வீட்டிலிருந்து அந்த லைப்ரரியின் சோர்ஸ் கோடையும் பென்டிரைவில் கொண்டுவந்து, முதலில் அதைக் கம்பைல் செய்து, பிறகு எடிட்டருக்கு வந்தாள். இரண்டு நாள் ஆனது. மதியம் இரண்டு மணிக்குக் கம்பைலை ஆரம்பிக்கும் ‘மேக்’ கட்டளையைக் கொடுத்தவள், நாலு இருபது வரை அந்த நோஞ்சான் மெஷினின் முன்னால் அசையாமல் இருந்தாள். முடிந்ததும் தன் ஃபோல்டரிலேயே வைத்து ஓட்டிப் பார்த்தாள். எடிட்டர் திறந்தது. வண்ண வண்ணமாக எழுத்து, இடைவெளியெல்லாம் கச்சிதம். சுற்றி நின்ற பிள்ளைகள் விசில் அடித்தார்கள். லேபில் விசில்! நான் அதட்டினேன். விசிலுக்காக அதட்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பரீட்சை திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆறு பழைய மெஷினில் மட்டும் போட்டு முடித்திருந்தாள். சனிக்கிழமை அவளுக்கு லீவு. பாண்டியம்மாளின் மகனுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து. எல்லோருக்கும் பத்திரிகை வைத்தாள். எனக்கு வெற்றிலைப் பாக்கோடு வைத்து, “அவசியம் வரணும்க்கா, கெடா வெட்டு. நீங்க சாப்பிடாட்டி தனியா சைவமும் இருக்கு” என்றாள். 

“மீதி மெஷினு என்னம்மா ஆகும்?” என்றார் சார்.

“திங்கக்கெழமை ஏழு மணிக்கெல்லாம் வந்துருவேன் சார். பென்டிரைவ்ல அரை மணி நேர வேலைதேன்.”

“நீ சொன்னாச் சரி” என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பி, “இந்தப் பொண்ணு கெட்டிக்காரி” என்று எங்கள் பாஷையில் சொன்னார்.

எங்கள் பாஷை என்றால் சௌராஷ்டிரம். மதுரையில் எத்தனை தலைமுறை ஆனாலும் வீட்டுக்குள் நாங்கள் பேசுவது அதைத்தான். ராதாகிருஷ்ணன் சாரும் எங்கள் ஆள்தான். ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் இருந்தாலும் என்னிடம் பேசும்போது சாருக்குத் தன்னை அறியாமல் அந்தப் பாஷைதான் வாயில் வரும். நானும் அதிலேயே பதில் சொல்வேன். அதை நான் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததில்லை. ஆனால் எங்கள் பாஷையில் இன்னொருத்தியைப் புகழ்ந்ததை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. நெஞ்சுக்குள் கடுகு வெடித்தது. அவர் எழுதப்போகும் பெயர் எதுவென்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் லேபைத் திறந்தேன். நான் ஒருத்திதான். மீதி மெஷின்களை நான் முடித்து, திங்கட்கிழமை பரீட்சை அதிகாரி முன்னால், “எல்லாவற்றிலும் நானே போட்டுவிட்டேன் சார்” என்று சொல்லப் போகிறேன். அதிலும் அவள் செய்ததைப் பிரதி எடுத்துப் போடுவதா? யார் பெற்ற பிள்ளைக்கு யார் பெயர் வைப்பது? நானே புதிதாகச் செய்வேன். டிராயரிலிருந்த டிவிடி வெளியே வந்தது. ஆபீஸ் அறையில் முதல் வரிசை மெஷின்களோடு சேர்த்து வாங்கிய புது மெஷினில் உட்கார்ந்தேன். என் போனிலேயே எடிட்டரின் சோர்ஸ் கோடை இறக்கி, செய்யும் வழியையும் தேடினேன். எடிட்டர் வேகமாக ஓட இதைச் சேருங்கள் என்று யாரோ ஒரு வரி எழுதியிருந்தான். சேர்த்தேன். கன்ஃபிகர் கேள்விகளை நான் படிக்கவில்லை. ‘மேக்’ கொடுத்தேன். நாலே நிமிடம்! அவளுக்கு இரண்டு மணி இருபது நிமிடம், எனக்கு நாலு. வாய்விட்டுச் சிரித்தேன்.

லேப் மெஷின்களை இணைக்கும் உள் நெட்வொர்க் வழியாக முப்பத்திரண்டு மெஷினுக்கும் ஒரே அடியாக அனுப்பினேன். அவள் போட்டிருந்த ஆறின் மேலேயும் என்னுடையது ஏறியது. முதல் வரிசையில் இரண்டு மெஷினைத் திறந்து பார்த்தேன். ஜம்மென்று ஓடியது. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு வைத்தேன்.

இன்ஸ்பெக்‌ஷன்காரர்களை ஏமாற்ற வைத்த முதல் வரிசை. பதினோரு வருடத்தில் அதைப் பார்த்துப் பார்த்து நானே ஏமாந்திருந்தேன். முதல் வரிசை ஓடினால் லேபே ஓடுகிறது என்று நினைத்துவிட்டேன்.

நான் சேர்த்த அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்தது. ‘இந்த மெஷினின் புராசஸருக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையையும் பயன்படுத்திக்கொள்’ என்பது அதன் அர்த்தம். ஒருத்தி உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்டைத் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் கொடுத்த மாதிரி. அதே அளவு உள்ள எட்டுப் பேருக்குச் சேர்ந்தது. மீதி இருபத்துநாலு மெஷினுக்குக் கையே நுழையவில்லை.

திங்கட்கிழமை பெரிய முகூர்த்த நாள். வாடிப்பட்டி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஏழு மணிக்கு வருகிறேன் என்றவள் ஒன்பது நாற்பதுக்கு மூச்சிரைக்க வந்தாள். அதற்குள் பிள்ளைகள் உட்கார்ந்தாயிற்று. வெளியிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி கேள்வித்தாள் கட்டைப் பிரித்தாயிற்று. எல்லா மெஷினிலும் எடிட்டரின் பெயர் தெரிவதைப் பார்த்து அவள் வாசலிலேயே நின்றாள். 

சார் அதிகாரியிடம் பெருமையாகச் சொன்னார்: “புது எடிட்டர் சார். அந்தா நிக்கிதுல்ல, முத்துமீனா, அந்தப் பொண்ணு சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணிப் போட்டது. எல்லா மெஷின்லயும் ரெடி.”

ஆத்தாடி! வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவள் மீதியையும் முடித்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார் போல. என் உழைப்புக்கு அவள் பெயரா? ‘நான்தான் போட்டேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடுவதற்குள் இரண்டாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“சார், ஓப்பன் ஆக மாட்டேங்குது.”

அடுத்து இன்னொரு கை. மூன்றாவது வரிசையில் நாலு கை. திறந்த கணமே எடிட்டர் செத்து விழுந்தது. ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று, அதாவது இந்த மெஷினுக்குத் தெரியாத கட்டளை என்று, ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. முதல் வரிசைப் பிள்ளைகள் எட்டுப் பேரும் டகடகவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற இருபத்துநாலு பேரில் ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். என் நிலைமையை என்ன சொல்ல? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

“என்னம்மா போட்டு வச்சிருக்க?” என்று சார் அங்கிருந்தே முத்துமீனாவைப் பார்த்துக் கத்தினார்.

முத்துமீனா ஓடிப் போய் முப்பத்திரண்டாம் மெஷினைப் பார்த்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த ஃபைலின் விவரத்தைத் திரையில் எடுத்தாள். சனிக்கிழமை, பதினொன்று நாற்பது. எங்கள் இரண்டு பேர் மூஞ்சிக்கும் நேராக வெள்ளை எழுத்தில் நின்றது.

“சார், இது நான் போட்டது இல்ல சார். வெள்ளிக்கெழமை நான் போட்டது நல்லா ஓடுச்சு. சனிக்கெழமை யாரோ மாத்திருக்காக. தேதி இருக்கு சார், வந்து பாருங்க” என்றாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சார் அவர் பக்கத்திலிருந்து நகரவில்லை. என்னைப் பார்த்து எங்கள் பாஷையில் கேட்டார், தேதி என்ன போட்டிருக்கிறது என்று.

நான் சொன்னேன், எங்கள் பாஷையில், ஒரே வார்த்தை.

“வெள்ளிக்கிழமைதானாம்!” என்றார் சார், தமிழில், லேப் முழுக்கக் கேட்கும்படி.

முத்துமீனா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஒரு மாதிரி, கணக்குப் போட்டு விடை சரியாக வந்தது போலப் பார்த்தாள். பிறகு, “அப்பச் சரி சார். பிள்ளைக காத்துக்கிட்டு இருக்காக, பத்து நிமிஷம் குடுங்க” என்றாள். 

அவளுடைய அசல் அந்த மெஷினில் அவள் ஃபோல்டருக்குள் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து அதே நெட்வொர்க் வழியாக எல்லா மெஷினிலும் ஏற்றினாள். ஏற்ற ஏற்ற, பழைய ஃபைல் அழிந்து தேதியெல்லாம் திங்கட்கிழமையாக மாறியது. தான் நிரபராதி என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே அழிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பன்னிரண்டாவது நிமிடம் முப்பத்திரண்டு மெஷினும் ஓடின. அதிகாரி அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் முடித்தார்கள்.

வியாழக்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு இரண்டு கடிதம் டைப் செய்யச் சொன்னார். ஒன்று, நிரந்தரப் பணியிடத்துக்கு ரம்யாஸ்ரீயைப் பரிந்துரைத்து. மற்றொன்று, கவனக்குறைவு காரணமாக முத்துமீனாவின் தற்காலிகப் பணி இம்மாதத்தோடு முடிகிறது என்று. இரண்டையும் பிழையில்லாமல் அடித்தேன். என் பெயரை அடிக்கும்போது விரல் இனித்தது. மறைப்பானேன்?

பிரிண்ட் எடுக்க ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். அங்கே லெக்சரர் இந்துப்ரியா மேடம் வெறும் வாயை மெல்பவருக்கு அவல் கிடைத்த மாதிரி முத்துமீனா கதையைப் பேசிக்கொண்டிருந்தார்.

“தப்பு எல்லாரும்தான் பண்றோம். ஆனா அம்புட்டுப் பேர் முன்னாடி சார் கத்துறாரு, அதுக்கு மேல ஒரு வார்த்தை எதுத்துப் பேசணுமே! பன்னெண்டு நிமிஷத்துல சரிபண்ணிட்டா. பூமாதேவி கணக்காப் பொறுமை. அந்தப் பிள்ளையப் போயி வேலைய விட்டு அனுப்புறாகளே. பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாங்க?”

நான் பிரிண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். காகிதம் வந்துகொண்டிருந்தது. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. பாருங்களேன் அநியாயத்தை! வேலை எனக்கு, புகழ் அவளுக்கு. குற்றவாளியாக நிற்கும்போதுகூட அவளே ஜெயிக்கிறாள். நான் செய்த தப்புக்கு அவளுக்குக் கோயில் கட்டுகிறார்கள். அந்தத் தப்புக்கூட என்னுடையது இல்லையா?

“நிறுத்துங்க மேடம்!” என்று கத்தியேவிட்டேன். “அவ என்ன பொறுமை? அவ தப்பே பண்ணல. போட்டது நான். சனிக்கிழமை வந்து போட்டது நான். சார் தேதி கேட்டப்பப் பொய் சொன்னதும் நான்தான். போதுமா?”

இந்துப்ரியா மேடம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். கடிதம் வாங்க வந்த சார் வாசலில் நின்றிருந்தார்.

மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இல்லை. அந்தப் பாராட்டை நிறுத்துவதற்கு வேறு வழி தெரியவில்லை.

சார் உள்ளே வந்து பிரிண்டரிலிருந்து இரண்டு காகிதத்தையும் எடுத்தார். இரண்டாவதைக் கிழித்துக் கூடையில் போட்டார். முதல் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

“பேரை மட்டும் மாத்தி அடிச்சுக் கொண்டா” என்றார்.

தமிழில் சொன்னார். பதினோரு வருடத்தில் சார் என்னிடம் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. நான் போய் உட்கார்ந்து என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்து முத்துமீனா என்று அடித்தேன். வேலையை விட்டு என்னை அனுப்பவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் டெம்பரரி.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்தவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் முத்துமீனா நின்றிருந்தாள். அதற்குள் செய்தி அவளுக்குப் போயிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது வேறு.

“ஏன்டி, தேதிய நீயும்தானே பாத்த? அன்னைக்கே ஏன் வாயத் திறந்து சண்டை போடல? பெரிய தியாகியாக்கும்?”

“தியாகமா?” என்றாள். “அன்னைக்கு உங்க கொண்டையப் பிடிச்சு ஆட்டணும்போல இருந்துச்சுக்கா. வீட்டுக்குப் போயி எங்க அம்மாகிட்ட உங்கள எப்பிடி வஞ்சேன் தெரியுமா?”

“பெறகு என்ன?”

முத்துமீனா கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

“நான் தமிழ்ல அம்புட்டு சத்தமாச் சொன்னேன், சனிக்கெழமைன்னு. வந்து பாருங்கன்னு கூப்பிட்டேன். சார் வரல. நீங்க உங்க பாஷையில ஒத்த வார்த்தை சொன்னீக. ரெண்டு எட்டு வச்சுக்கூட வந்து பாக்கல, நம்பிட்டாரு. எனக்கு ஒங்க பாஷை தெரியாது. ஆனா அவரு மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, இனி நான் என்ன கத்துனாலும் எடுபடாதுன்னு. உங்க வாயில வந்தா சனிக்கெழமையும் வெள்ளிக்கெழமையாயிரும்க்கா. பெறகு நான் எதுக்குக் கத்த?”

நான் ஸ்கூட்டி சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“நீங்க என்னப் பாத்து வயிறு எரிஞ்சது வந்த ரெண்டாம் நாளே எனக்குத் தெரியும்” என்றாள். “நானும் உங்களப் பாத்து எரிஞ்சுக்கிட்டுத்தேன் இருந்தேன். அது உங்களுக்குத் தெரியல. நான் ஒண்ணு சரின்னு சொன்னா, அத செஞ்சு காட்டணும், ஓட்டிக் காட்டணும், அதுவும் உள்ளதுலயே மோசமான மெஷின்ல ஓட்டிக் காட்டணும். உங்களுக்குச் சொன்னாப் போதும்.”

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் வந்தது. “வாரேன்க்கா” என்று ஏறிக்கொண்டாள். கூட்டத்தில் உள்ளே தள்ளப்பட்டுப் போனவள் கம்பியைப் பிடித்து நின்றது ஜன்னல் வழியே தெரிந்தது. நான் கையை அசைத்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.